ஜாவாக் குழம்பு

ஊருக்கு ஊர் நாக்கு வேறு என்று சொல்வார்கள். நாக்கு எங்கும் ஒன்றுதான், பழக்கம்தான் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போன குடும்பங்கள் இங்கே பல உண்டு. திரும்பி வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு அந்த ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். இறைச்சியை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் 'நெம்' என்ற வியட்நாமியப் பலகாரம் அப்படி வந்ததுதான்.

ஆகவே, ஜாவாவில் சுரபாயா நகரத்தில் வேலை பார்க்கும் என் மகள், 'சாயுர் லோடே' என்ற காரமான காய்கறிக் குழம்பின் செய்முறையை எழுதி அனுப்பியபோது நான் மலைக்கவில்லை. மலைத்தவள் 82 வயதான என் தாயார்தான்.

'சாயுர்' என்றால் காய்கறி. பெயரைத் தவிர அதில் அந்நியமாக என்ன இருக்கிறது? கத்தரிக்காய், காராமணிக்காய், சௌசௌ, பலாமூசு எல்லாம் குபேர் அங்காடியில் ஒரே நடையில் கிடைத்தன. அரைப்பதற்கு எட்டு மிளகாய், ஒரு பிடி சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு சிறு கரண்டி மல்லி. 'கெமிரி' என்று எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கொட்டையும் சேர்ப்பது அவர்கள் வழக்கம். அதற்குப் பதில் முந்திரிப் பருப்பு போதும் என்று மகளே எழுதியிருந்தாள். எலுமிச்சைப் புல் அடுத்த வீட்டுத் தோட்டத்தில் இருந்தது.

வம்பு வந்தது பேரரத்தையால்தான். ஜாவாவில் அது இஞ்சியைப் போலச் சமையல் சாமான். நம் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வீட்டிலே யாருக்கு இருமல்?" என்று விசாரித்தார். குழம்புக்கு என்று சொன்னதும், எனக்கே ஏதாவது மருந்து தரவேண்டியிருக்குமோ என்பது போல் பார்த்தார்.

அம்மா அடுக்களை வாசலில் வழிமறித்தாள்.

"மருந்தைக் கொண்டுபோய் யாராவது குழம்பிலே போடுவாங்களாடா?"

"மிளகாய்கூட நம்முடையது இல்லையே, அம்மா" என்று ஆரம்பித்தேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகக் கிழக்கே வந்தது. மிளகின் காரம் அதில் இருக்கக் கண்டு நாம் மிளகாய் என்று பெயர் வைத்தோம். ஜாவாக்காரர்களும், தங்கள் ஊர்த் திப்பிலிக்கு வழங்கிய 'சாபே' என்ற பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். வந்த விருந்தாளிக்கு வீட்டுப் பெரியவர் பெயரை வைத்து, உள்ளே கூப்பிட்டுக்கொண்ட மாதிரி.

அரிக்கமேட்டையும் துணைக்கு அழைத்தேன். ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, உட்புறம் வட்டவட்டமாகப் பொறிப்பு வரிசை போட்ட மெல்லிய மண்தட்டுகள் கிடைத்தன. அந்த மாதிரித் தட்டுகளின் ஓடுகள் பின்னாளில், ஜாவாவை அடுத்த பாலித் தீவில் செம்பிரான் கிராமத்திலும் வெளிவந்தன. சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்னால் இந்தக் கரைத் தட்டில் அந்தக் கரையார் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா இதற்கெல்லாம் மசியவில்லை. "ஓட்டுக் கதை இருக்கட்டும். குழந்தை அங்கே இதையா சாப்பிடறான்?" என்றாள்.

"இதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறானாம்."

அம்மா பேசாமல் நின்றாள். போன தடவை வந்திருந்தபோது, அந்த நாலு வயதுக் கொள்ளுப்பேரன் அவள் பிசைந்து கொடுத்த ரசம் சாதத்தைக் கையால் தள்ளிவிட்டான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் அன்று மத்தியானம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

இப்போது வழியை விட்டு விலகினாள். என் மனைவி விழுதை எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கினாள். தட்டிய பேரரத்தையும், நசுக்கி முடிந்த எலுமிச்சைப் புல்லும் அதில் விழுந்தன. இரண்டாம் தேங்காய்ப் பாலை ஊற்றிப் பலாமூசை முதலில் வேகவிட்டு, பிறகு சௌசௌ, காராமணி, கடைசியில் கத்தரிக்காய். உப்போடு ஒரு சிட்டிகைப் பனைவெல்லம். தலைப்பால் ஊற்றியதும், "கொதிக்க விடாதே, திரிஞ்சு போகும்" என்று அம்மாவின் குரல் வந்தது. செய்முறையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒரு கரண்டி சாதத்தில் ஊற்றிக்கொண்டு, அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள்.

"சொதி மாதிரிதான் இருக்கு. காரம் பின்னாலே வந்து பிடிக்குது. கஷாய வாசனைதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள். பிறகு என் மனைவியிடம், "அந்தப் புல்லை எப்போ போட்டே? இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டாள்.

சாயங்காலம் மீதிப் பேரரத்தையை மருந்துப் பெட்டியில் தேடினேன். காணவில்லை. அஞ்சறைப் பெட்டியில், பட்டை கிராம்புக்குப் பக்கத்தில் அம்மா அதை வைத்திருந்தாள்.