சிவிங்கித் தாய்க்கு உதவிக்கு ஆளில்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யாலயிலும் வில்பத்துவிலும் நாம் பார்க்கும் சிறுத்தை வேறு, ஆபிரிக்காவின் சீட்டா வேறு. சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று அழகான பெயர் இருக்கிறது. பத்திரிகைகள் இரண்டையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகின்றன. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? கண்ணிலிருந்து வாய் வரை, அழுத தடம் மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் அது சிவிங்கி.

அதன் வேகம் மணிக்கு 110 கிலோமீற்றர் என்றுதான் நாமெல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறோம். பொட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிகளின் கழுத்தில் கருவிப் பட்டி கட்டி அளந்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், 367 ஓட்டங்களில் கண்ட உச்ச வேகம் 93. பெரும்பாலான வேட்டைகளில் அந்த வேகமும் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று வேகத்தைக் குறைத்து, இரை திரும்பும் பக்கம் திரும்புவதில்தான் அதன் கெட்டித்தனம். அப்படியும் நான்கு ஓட்டத்தில் ஒன்றுதான் பலித்தது.

பிடித்த இரையும் நிச்சயமில்லை. மூச்சு வாங்கி முடிவதற்குள் கழுதைப்புலியோ சிங்கமோ வந்துவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. காலில் காயம் பட்டால் ஓட்டமில்லை, ஓட்டமில்லாவிட்டால் சாப்பாடில்லை. குட்டி வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது.

மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். தந்தை எட்டியும் பார்க்காது. சில நாட்களுக்கு ஒருமுறை குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு புதருக்கு மாற்றும். ஆனால் பால் சுரக்க வேண்டுமென்றால் தாய் சாப்பிட வேண்டும். சாப்பிட வேண்டுமென்றால் குட்டிகளைத் தனியே விட்டுப் போகத்தான் வேண்டும்.

வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப அதுவரைக்கும் குட்டிகள யார் பாக்கிற?" அந்தப் பிள்ளையின் உம்மா சவூதியில். யாரும் பார்ப்பதில்லை, புல்லுக்குள் சத்தம் போடாமல் படுத்திருக்கும் என்றோம். முதுகில் சாம்பல் நிறத்தில் நீண்ட மயிர் இருக்கும், அது புல்லோடு புல்லாக மறைக்கும் என்றும் சொன்னோம். மற்றதை அன்று சொல்லவில்லை. தன்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் நடந்த ஆய்வொன்றில், இருபது குட்டிகளில் ஏறத்தாழ ஒன்றுதான் தனித்து வாழும் வயதை எட்டியது. அதிகம் கொன்றவை சிங்கங்கள். எல்லா இடமும் அப்படியல்ல. தென்னாபிரிக்கப் பக்கம் கலகாடி வரண்ட நிலத்தில் தப்பும் குட்டிகள் கூட.

தப்பியவற்றுக்குத் தாய் நடத்தும் பாடம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பொறாமையாக இருக்கும். மான் குட்டியை உயிரோடு கொண்டுவந்து முன்னால் விட்டுவிடும். குட்டிகள் தடுமாறித் துரத்தும். ஓடித் தப்பப் பார்த்தால் தாய் மறுபடி பிடித்துக் கொடுக்கும்.

ஏறக்குறைய ஒன்றரை வயதில் தாய் பிரிந்துவிடும். பிள்ளைகள் கொஞ்சக் காலம் ஒன்றாகவே திரியும். பிறகு பெண் குட்டிகள் ஒவ்வொன்றாகத் தனிவழி போகும். ஆண் சகோதரர்கள் பெரும்பாலும் சாகும்வரை சேர்ந்தே இருக்கும்.