ஊர்ப்பயணமும் ஒரு காமிராவும்

மே மாதம் நெருங்கினால் நம்மைத் தேடிவரும் அன்பர்களின் எண்ணிக்கை கூடிவிடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படும் காலம் அது. “போகிற வழியில் நாலு இடம் பார்ப்பதாக உத்தேசம். கைக்கு அடக்கமான விலையில் எந்தக் காமிரா வாங்கலாம்?” என்று கேட்பார்கள். நாம் புகைப்படக் கலைஞர் அல்லோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே காலம் தள்ளும் எழுத்தர். ஆயினும் இருமுறை காமிரா வாங்கியவர் என்பதும், அவற்றுள் ஒருமுறை நன்றாக ஏமாந்தவர் என்பதும் அன்பர்கள் அறிந்ததே. ஏமாந்தவனிடம் யோசனை கேட்பது நம்மவர் வழக்கம். அதில் நியாயமும் உண்டு.

கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்று கேட்கும் இளைஞர்களோடு நமக்கு வழக்கில்லை. வெயிலில் நிற்கும் கோபுரத்தை எடுக்கக் கைப்பேசியே போதும். தொலைவில் உள்ளதை அருகே இழுத்து எடுக்கவும், மங்கிய ஒளியில் ஒரு முகத்தைத் தெளிவாகப் பிடிக்கவும், படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டவும் விரும்புவோர்க்கே இக்கட்டுரை.

நம் தந்தையாரிடம் ஆக்பா கிளிக் 3 என்னும் காமிரா ஒன்று இருந்தது. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, பல ஆண்டு உழைத்து அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் அது. ஒரு சுருளுக்கு 12 படம். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ சுருளைத்தான் பெரும்பாலும் போடுவார். அத்தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. ஊருக்குப் போய்த் திரும்பும்வரை ஒரே சுருள்தான் என்பது வீட்டுச் சட்டம். கோயிலுக்கு இரண்டு, தாமிரபரணிக்கு ஒன்று, மீதி ஒன்பதில் உற்றார் உறவினர் அனைவரும் அடங்கவேண்டும். பாட்டியைத் தனியே ஒரு படம் எடுத்ததற்காக அத்தைமார் இருவர் ஓராண்டு பேசாதிருந்ததும் உண்டு.

அப்படங்களுள் இன்று எஞ்சியவை மூன்றே. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று தாராவி வீட்டுக்குள் மார்பளவு நீர் புகுந்தது. தகரப் பெட்டிக்குள் இருந்த படத்தொகுப்பு கூழாயிற்று. பாட்டியின் படம் அதோடு போயிற்று. காமிரா பரணில் இருந்ததால் தப்பியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2019-இல் நமக்கு விடுப்புப் பயணச் சலுகையில் இந்தியாவின் எப்பகுதிக்கும் சென்றுவரும் வாய்ப்பு வந்தது. அன்னையார் இராமேசுவரம் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு நல்ல காமிராவோடு போகவேண்டும் என்ற ஆசை நமக்கு. குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் வண்டி ஏறி, கோட்டைப் பகுதியின் போரா பஜாருக்குப் போனோம். மும்பையில் புகைப்படப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற தெரு அது. கலியாணப் படம் எடுப்போர் முதல் பத்திரிகைக்காரர் வரை அங்கே வருவர். ஒரு கடையில் பழைய காமிராவை லென்சோடு 11,500 ரூபாய்க்குக் காட்டினார்கள். மேனி புதிதுபோல் மின்னியது. ரசீது கேட்டோம். “ரசீதோடு என்றால் விலை வேறு” என்றார் கடைக்காரர். நாளெல்லாம் பிறருடைய ரசீதுகளைச் சரிபார்த்து, ஒரு முத்திரை குறைந்தாலும் திருப்பி அனுப்பும் நாம், அன்று வாய்பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்!

இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தம் கிழக்கு நோக்கிய கரை. விடியலில் அன்னையார் முழுகி எழுந்து, ஈரத் தலையோடு, எதிரே நின்ற நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னே கதிரவன். அத்தகைய சிரிப்பை அதற்குமுன் நாம் கண்டதில்லை. ஏழெட்டுப் படங்கள் எடுத்தோம். விடுதிக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் பால் ஊற்றியதுபோல் வெண்படலம். ஒளியை எதிர்நோக்காத மற்றப் படங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

மும்பை திரும்பியதும் மாட்டுங்காவில் காமிரா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒரு சிறு டார்ச் விளக்கை லென்சின் பின்புறம் பிடித்து, முன்புறம் சாய்வாக நோக்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள். பூஞ்சை! நம் நகரின் மழைக்கால ஈரத்தில், இருட்டான அலமாரிக்குள் தோல் உறையில் பூட்டி வைத்த லென்சுகளில் இது எளிதில் வளரும். சிறிதளவே இருந்தால் படத்தில் தெரியாது. ஒளிக்கு எதிரே பிடிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அதன்பின் துடைத்தும் பயனில்லை. துடைக்கும் கூலி லென்சின் விலையில் பாதியைத் தொடும் என்றார். கடைக்காரரிடம் போனோம். ரசீது எங்கே என்று கேட்டார்.

ஆகவே, பழையது வாங்கும் அன்பர்கள் பையில் ஒரு டார்ச்சோடு செல்க. வெள்ளைச் சுவரைத் துளையைச் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே அழுக்கு உண்டா என்பதும் தெரிந்துவிடும். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்றும் கேட்டறிக. பழையது வாங்குவதே பிழை என்று நாம் சொல்லவில்லை. இன்று பெரிய நிறுவனங்கள் உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் காமிராக்களுக்கு மாறிவிட்டமையால், ஆடி வைத்த முந்தைய வகை மலிந்து கிடக்கிறது. சிக்கனக்காரனுக்கு இது நல்ல காலமே.

இரண்டாம் முறை வாங்கியதற்குக் காரணம் அரசாங்கம். கொரோனாவால் யாரும் பயணம் செய்யாதிருந்த 2020 அக்டோபர் 12 அன்று மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 2018–21 தொகுப்புக் காலத்தில் மீதமுள்ள ஒரு பயணச் சலுகைக்கு ஈடாக, ஊழியர்கள் பொருள் வாங்கிக்கொள்ளலாம். இரயில் பயணத்துக்கு உரியவர்க்குத் தலைக்கு 6,000 ரூபாய். ஆனால் அதைப் பெற அதன் மும்மடங்கைச் செலவிடவேண்டும். பொருள் 12 விழுக்காடோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ளதாக இருத்தல் வேண்டும், பணம் மின்வழியே செல்லவேண்டும், ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது வேண்டும்; 2021 மார்ச் 31-க்குள் முடிக்கவேண்டும்.

நம் வீட்டில் நான்கு பேர்: நாம், இல்லாள், மகன், அன்னையார். கணக்குப்படி 24,000 பெற 72,000 செலவிடவேண்டும். “இருபத்து நாலைப் பிடிக்க எழுபத்திரண்டை விடுவதா?” என்றார் அடுத்த குடியிருப்புக்காரர். கேள்வி சரியானதே. ஆனால் குளிர்சாதனப் பெட்டி எப்படியும் வாங்கவேண்டியிருந்தது. காமிராவுக்கும் வரி 18 விழுக்காடு; 2019 சனவரி முதல் நாளுக்கு முன் 28 ஆக இருந்தது. இல்லாளோடு இரண்டு வாரம் வழக்காடி, காமிராவுக்கு 43,000, பெட்டிக்கு 29,500 என்று தீர்ப்பாயிற்று. பெரிய பெட்டி கேட்டவர் சிறியதோடு அமைந்தார். அதை இன்றும் வெயில்தோறும் நினைவூட்டுகிறார்.

இம்முறை நிதானமாகத் தேர்ந்தோம். கானன் 1500டி என்னும் தொடக்கநிலைக் காமிரா, 18–55 மி.மீ. லென்சுடன். அதே பெட்டியில் தொலைநோக்கு லென்சும் சேர்த்து விற்கும் ‘இரட்டைத் தொகுதி’யை விட்டுவிட்டு, 1.8 துளையுள்ள 50 மி.மீ. லென்சு ஒன்றைத் தனியே வாங்கினோம். எடை குறைவு, மண்டப இருளிலும் ஒளியை வாரிக்கொள்ளும், முகங்களுக்கு ஏற்றது. காமிராவின் உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், நல்ல லென்சு ஆகாது. பணம் கூடுதலாக இருந்தால் அங்கேதான் போடவேண்டும். முக்காலி வாங்கவில்லை. தொல்லியல் துறையின் நினைவிடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், இரயிலிலோ அது பிறர் காலில் இடிக்கும். உபரி பேட்டரி ஒன்றும் நினைவட்டை இரண்டும் வாங்க மறக்கலாகாது.

2021 பிப்ரவரியில் பெட்டியைப் பிரித்தபோது அன்னையார் அருகே வந்து பார்த்தார்கள். “ஏ அய்யா, ஊருக்குப் போற துட்டக் குடுத்தா இத வாங்கிட்டு வந்திருக்க?” என்றார்கள். ஆம், விட்டுக்கொடுத்தது சொந்த ஊர் செல்லும் சலுகை. சிறப்பு இரயில்கள் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தன. துணிந்திருந்தால் போயிருக்கலாம். மழைக்காலம் கழியட்டும், காமிராவோடு போவோம் என்றோம். மாடத்தில் உட்காரவைத்து 50 மி.மீ. லென்சில் ஒரு படம் எடுத்தோம். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, நம்மையல்லாமல் தெருவைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியே தெரியும் படம்.

அவ்வாண்டு மே மாதம் அவர்கள் மறைந்தார்கள். மாலை போட்டு வைக்க எந்தப் படம் என்ற பேச்சு எழுந்தது. நாம் மாடத்துப் படத்தைச் சொன்னோம். ஊரிலிருந்து தமையனார், “அது அம்மா மாதிரியே இல்லை, கடலில் சிரிக்கிறதே, அதை அனுப்பு” என்றார். தாராவியில் உள்ள ஒரு ஸ்டூடியோக்காரர் கருமையைக் கூட்டி இயன்றவரை சரிசெய்து தந்தார். வலது மூலையில் வெண்படலம் இருக்கத்தான் செய்கிறது. ஊர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுவே.

2022-இல் காமிராவோடு ஊர் சென்றோம், மூவராக. திரும்பும் வழியில் தஞ்சையில் இறங்கினோம். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவர் படம் பிடித்து, துண்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர் அவர். மறு ஆண்டே ஆளுநர் ட்ரெவல்யன் இது வீண்செலவு என்று அவ்வேலையை நிறுத்திவிட்டார். அந்தக் கோப்பைச் சுமந்த எழுத்தர் யாரோ என்று எண்ணிக்கொண்டே, அதே கல்வெட்டில் நாமும் கொஞ்சம் எடுத்தோம். நன்றாகவே வந்தது.

வீட்டில் காமிராவை அலமாரியில் வைப்பதில்லை. காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடும் ஈரமானி ஒன்றோடும் வைத்திருக்கிறோம். முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கவேண்டும். தந்தையாரின் மூன்று படங்களும் கிளிக் காமிராவும் இப்போது அதிலேயே இருக்கின்றன. இவ்வாரம் முள் 58-ஐக் காட்டுகிறது. நீலமாயிருந்த மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. சமையலுக்கு ஆகாத பழைய வாணலி ஒன்றை இல்லாள் ஒதுக்கித் தந்திருக்கிறார். ஞாயிறன்று அவற்றைச் சூடேற்றி உலர்த்தவேண்டும்.