கீச்... கீச்...

ஆபீஸ்ல தினமும் பக் தேடுறவனுக்கு லீவுலயும் அதே வேலைன்னு தலையில எழுதியிருந்தா என்ன பண்ண மக்கா? போன மாசம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். அப்பாவோட காரை எடுத்தா, முன்பக்கம் எங்கயோ "கீச்... கீச்..."னு ஒரு சத்தம்.

"எலிதாம்ல உள்ள இருக்கும்"னாங்க அம்மா. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எலியும் இல்ல, புழுக்கையும் இல்ல.

சரி, நாமதான் இஞ்சினியராச்சேன்னு களத்துல குதிச்சேன். டிக்கியில இருந்த ஜாக்கியை இறக்கி வச்சேன், ஏசியை அணைச்சேன், டேஷ்போர்டு பிள்ளையாரைக்கூட எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். கீச் நிக்கல. காலியான ரோட்டுல நியூட்ரல்ல உருட்டினேன். எஞ்சின் அடங்கிருச்சு, கீச் அடங்கல. வண்டி மெதுவானா அதுவும் மெதுவாச்சு. அப்போ எஞ்சின் இல்ல, சக்கரம். காம்பவுண்ட் சுவரை ஒட்டி கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டினா, இடது பக்கம் சத்தம் சுவர்ல பட்டுத் தெளிவா திரும்பி வந்துச்சு. பிரேக்கை லேசா மிதிச்சேன். கப்சிப்! காலை எடுத்தா மறுபடி கீச். (இந்த இடத்துல எனக்கு நானே கைதட்டிக்கிட்டேன் :))

வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "பேடு தேஞ்சு போச்சு தம்பி. பேடு தீரப்போகுதுன்னு சொல்லத்தான் இந்தத் தகடையே வச்சிருக்கான். டிஸ்க்குல உரசிக் கத்தும். எத்தனை நாளா கத்துதோ! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இரும்பும் இரும்பும் உரசி பிரேக்கே பிடிக்காது."

அப்போதான் உறைச்சுது. அப்பா தினமும் இதே வண்டியிலதான் ஜங்ஷனுக்குப் போயிட்டு வர்றாரு.

எங்கப்பா யாருன்னு நினைச்சீங்க? நான் சின்னப் பையனா இருந்தப்போ, தெருமுனையில வர்ற ஸ்கூட்டர் சத்தத்தைக் கேட்டே "பிளக்கை மாத்தணும்ல"ம்பாரு. அவர்கிட்டப் போயி, "ஏன்ப்பா, இந்தச் சத்தத்தை நீங்க கவனிக்கலையா?"ன்னேன்.

"எந்தச் சத்தம்ல?"

வயசாகும்போது கூர்மையான சத்தங்கள்தான் முதல்ல காதை விட்டுப் போகுமாம். ஹாரன் கேக்கும், லாரி கேக்கும், கீச் கேக்காது. டிவி சத்தம் ஏறினது, அம்மா பேசினா "ஆங்?"னு திரும்பக் கேக்கிறது, நான் போன்ல பேசும்போது "நீ அம்மாட்ட பேசு"ன்னு நழுவுறது எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. அவருக்கு என்கிட்டப் பேச விருப்பம் இல்லைன்னுல்ல ரெண்டு வருஷமா நினைச்சிட்டு இருந்தேன்!

பேடு மாத்தி, அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு, ஆத்துப் பாலம் தாண்டி ஒரு ரவுண்டு போனேன். பாதிப் பாலத்துல மெதுவா கேட்டாரு: "நின்னுட்டால?"

"நின்னுட்டுப்பா"ன்னேன், கொஞ்சம் சத்தமாவே.

அடுத்த வாரம் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் அடுத்த தடவை ஊருக்குப் போனா, அப்பா வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மக்கா.