மாடிக்கு வெள்ளை

மதுரை. பங்குனி நடு. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கே மொட்டை மாடியில் விளக்குமாற்றுச் சத்தம்.

ஓர் இரும்பு டிரம். நேற்று மாலை போட்ட சுண்ணாம்புக்கல் கொதித்து அடங்கிக் கெட்டித் தயிராகக் கிடக்கிறது. பக்கத்தில் தூக்குவாளியில் வடிகஞ்சி.

வெள்ளையடிக்க வந்தவர் மட்டையை ஊறப் போடுகிறார்.

"நீலம் கலக்கவாக்கா?"

"மாடிக்கு எதுக்குப்பா நீலம்? வெயிலுக்கு வெறும் வெள்ளை போதும்."

வீட்டுக்கார அம்மா மழைநீர்க் குழாயின் வாயில் பழைய துணியைத் திணிக்கிறார். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது வைத்த குழாய். அது இறங்கும் இடத்தில் மணலும் ஜல்லியும் நிரப்பிய குழி. சுண்ணாம்புத் தண்ணீர் அதற்குள் போகக் கூடாது. துணியை உருவி, இன்னும் இறுக்கித் திணிக்கிறார்.

தளம் முதலில் தண்ணீர் குடிக்கிறது. பிறகு சுண்ணாம்பு. முதல் பூச்சு கிழக்கு மேற்காக. ஈரத்தில் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது. காயக் காய வெளுக்கிறது. வெள்ளையடிப்பவர் பீடி பற்றவைத்துக் காத்திருக்கிறார்.

இரண்டாவது பூச்சு தெற்கு வடக்காக. ஒன்பதரை மணிக்குக் கண்ணைச் சுருக்குகிறார். பத்து மணிக்குத் தலைத்துண்டை நெற்றிக்கு இழுத்துவிட்டு, பின்னாலேயே நகர்ந்து படிக்கு வந்துவிடுகிறார். மாடியைப் பார்க்க முடியவில்லை.

கீழே கூடத்தில் விசிறி புதிது. 75 வாட் விசிறி தொங்கிய கொக்கியில் 30 வாட் பிஎல்டிசி விசிறி. பழையது சாக்கு சுற்றிப் பரணில் இருக்கிறது. புதியதன் ரிமோட் சாமி மாடத்தில், விபூதிக் கிண்ணத்தை ஒட்டி. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. உறைமேலேயே அழுத்துகிறார்கள்.

பெரியவர் அறைக்கு அறை நடக்கிறார். நடக்கும் வழியெல்லாம் சுவிட்சைத் தட்டுகிறார். டிவிக்குக் கீழே செட்டாப் பெட்டியின் சிவப்புப் பொட்டு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். பிளக்கில் அணைக்கிறார். பேத்தி வருவாள், பொட்டு மறுபடி எரியும். மறுபடி குனிவார்.

சென்னையிலிருந்து மகன் போனில்.

"ஏம்மா வெயில்ல வேகுறீங்க? ஏசி ஒண்ணு மாட்டிருவோம்."

"பாக்கலாம்யா. சாப்ட்டியா?"

மீட்டருக்குக் கீழே ஆணியில் மின்வாரியத்தின் வெள்ளை அட்டை. போன வைகாசி வரியில் 518. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்குக் குறைந்த விலை. 501 ஆனால் அந்தக் குறைந்த விலை கிடையாது. வட்டம் அந்தப் பதினெட்டுக்கு.

எதிர்வீட்டு மாடியில் சூரியத் தகடுகள். 3 கிலோவாட். தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட். எதிர்வீட்டுக்காரர் தினமும் விடியலில் ஏறி ஈரத்துணியால் துடைக்கிறார். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு முகம் துடைக்கிற பதம்.

மதியம் ஒன்று இருபது. கரண்ட் போகிறது.

இந்த வீட்டு விசிறி நிற்கிறது. எதிர்வீட்டிலும் நிற்கிறது. மாடியில் தகடுகள் தகதகக்கின்றன. கம்பியில் கரண்ட் இல்லையென்றால் சூரிய இன்வர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிரோடு இறங்க வேண்டும், அதற்காக அப்படி.

எதிர்வீட்டு அம்மா பனையோலை விசிறியோடு தெருவைக் கடக்கிறார். கூடத்தில் பாய் விரிகிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே கிடுகுத் தட்டி. அதில் தெளித்த தண்ணீர் இன்னும் சொட்டுகிறது.

"உங்க வீட்ல அனல் இறங்கலையேக்கா."

"சுண்ணாம்பு, தாயி."

வந்தவர் அண்ணாந்து தளத்தைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். விசிறி கை மாறுகிறது. மறுபடி கை மாறுகிறது. பெரியவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். எடுக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் வருகிறது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இரவு ஒன்பது மணி. பகலெல்லாம் குடித்த வெயிலைக் காரைத் தளங்கள் கக்கும் நேரம். பக்கத்து மாடியில் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆவி எழுகிறது. இந்த வீட்டு மாடிப்படியில் ஒரு ஜோடி செருப்பு. பெரியவர் வெறுங்காலோடு மாடியின் நடுவில் நிற்கிறார். கொஞ்சம் நடக்கிறார். உட்கார்கிறார்.

வைகாசி. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று அட்டை கேட்கிறார். எழுதித் தருகிறார். 463. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படிக்கிறார். சிவப்புப் பேனா மேசையிலேயே இருக்கிறது.

கிணற்றடியில் டிரம். அடியில் மீந்த சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு சாண் தண்ணீர், மேலே பலகை மூடி. காற்று படாமல் தண்ணீருக்குள் இருக்கும் சுண்ணாம்பு அடுத்த பங்குனி வரை கெடாது.