ஒளிவிளக்குக் கடையும் எனது செருகியும்



உங்கள் பிள்ளைகளில் யாராவது கம்பியூட்டர் துறையில் படித்தால், கறுப்புத் திரையில் பல நிறங்களில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நிரல் எழுதுவதற்கென்றே உள்ள செயலி. அவற்றுள் பலரும் பாவிப்பது மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2015 இல் அறிமுகப்படுத்திய 'விஷுவல் ஸ்ரூடியோ கோட்'. இலவசமானது. அதில் இல்லாத வசதியை நாமே செய்து பூட்டிக்கொள்ளவும் முடியும். தையல் மெஷினில் சிப் தைப்பதற்கென்று ஒரு சிறு உறுப்பை வாங்கிப் பூட்டுகிறோமல்லவா? அதைப் போன்றதுதான். இதைச் செருகி என்பார்கள். நானும் அப்படி ஒன்றைச் செய்து, வெளியிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசிச் செயலிகளுக்குத் தமிழ் வாசகங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். அதில் என்னை ஓயாமல் வதைத்தது 'ஔ' என்ற எழுத்து. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இது விளங்கும். அங்கே 'ஒ', 'ள' இரண்டையும் அடுத்தடுத்து அடித்தே 'ஔ'வை வரவழைப்போம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் இன்று பாவனையிலுள்ள யுனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'ஔ'வின் எண் 2964. 'ஒ' 2962, 'ள' 2995. ஆகவே பழைய பழக்கத்தில் ஒருவர் அடித்த ஔவையாரை நீங்கள் எத்தனை முறை தேடினாலும் கம்பியூட்டர் "அப்படி ஒருவர் இல்லை" என்றே சொல்லும்.

பிள்ளைகள் உறங்கிய பின்னர் இரவுகளில் அமர்ந்து, மூன்று வாரங்களில் செருகியை எழுதினேன். நிரல் என்னவோ நாற்பது வரிதான். அதன் பெயர், பதிப்பு எண், அது எப்போது விழித்தெழ வேண்டும் என்பவற்றையெல்லாம் குறிக்கும் கோப்புத்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. கோப்பைச் சேமிக்கும் தருணத்தில் 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்திருக்கும் இடமெல்லாம் 'ஔ' ஆகிவிட வேண்டும், இதுவே ஏற்பாடு. ஔவை, ஔடதம் என்று பிழையாக அடித்த சொற்களைப் பட்டியலிட்டுச் சோதித்தேன். அத்தனையும் திருந்தின. பொதி கட்டி, என் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு வெளியிட்டேன். உம்மாவுக்கும் காட்டினேன். "இதுக்குக் காசு தருவாங்களா மகள்?" என்று கேட்டார். இல்லை என்றதும் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழிந்து தமிழ்நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். "சார், என்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று தொடங்கியது. அவர் ஒரு மின்விளக்குக் கடைக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர். கடையின் பொருட்பட்டியலில் 'ஒளி' என்ற சொல் இருந்த இடமெல்லாம், 'ஔ'வும் அதன் பின்னால் தனித்துத் தொங்கும் ஒரு விசிறியுமாகக் கிடந்ததாம். கவனியாமல் அப்படியே தளத்திலும் ஏற்றிவிட்டார். கடை முதலாளி விடியற்காலையிலேயே பேசிவிட்டாராம். என்ன பேசினார் என்பதை அவர் எழுதவில்லை.

எனக்குக் கைகால் நடுங்கியது. ஒளி! ஒளிபரப்பு, ஒளிவு, ஒளிந்தான்... எத்தனை சொற்கள்! பிழையான சொற்களை வைத்துச் சோதித்தேனே ஒழிய, சரியான சொல் ஒன்றையேனும் வைத்துப் பார்க்கவில்லை. பிறருடைய எழுத்தில், அவர்களிடம் கேட்காமல் கைவைத்திருக்கிறேன் என்பது அதைவிட உறுத்தியது.

நல்லகாலமாக ஒரு வழி இருந்தது. தமிழில் 'ஔ' என்ற உயிரெழுத்தின் பின்னால் விசிறியோ கொம்போ புள்ளியோ வரவே வராது. வந்தால் அது என் செருகி செய்த வேலைதான். அப்படியுள்ள இடங்களில் மட்டும் பழையபடி 'ஒள' என்று மாற்றும் சிறு நிரலை அன்றிரவே எழுதி அவருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் புதிய பதிப்பு. ஒருமுறை வெளியிட்ட எண்ணில் மறுபடி வெளியிட முடியாது; எண்ணைக் கூட்டியே ஆக வேண்டும். பாவிப்பவர் தடுத்து வைத்திராவிட்டால் புதிய பதிப்பு தானாகவே அவரிடம் போய்ச் சேரும் என்பதில் ஓரளவு நிம்மதி. ஆனால் அதுவரை எத்தனை பேருடைய கோப்புகளில் 'ஒளி' கெட்டதோ, அதை இன்றுவரை என்னால் அறிய முடியவில்லை.

இப்போது அது எதையும் தானாக மாற்றுவதில்லை. ஐயமான இடத்தின் கீழே நெளிகோடு போடும். அந்த இடத்தில் கேர்சரை வைத்தால் பக்கத்தில் ஒரு சிறிய மின்குமிழ் தோன்றும். விரும்பியவர் அதை அழுத்தித் திருத்தலாம். மின்குமிழ் என் தெரிவல்ல, அந்தச் செயலியில் ஏற்கனவே உள்ளது. விளக்குக் கடைக்காரருக்கென்றே வைத்தது போல் இருந்தது.

அவர் மறுபடி எழுதினார், கோபமெல்லாம் ஆறியிருந்தது. "சார், அப்படியே 'கௌரவ'த்தையும் சேர்த்துடுங்க" என்று கேட்டிருந்தார். நான் சார் அல்ல என்பதை இன்னும் சொல்லவில்லை. கௌரவத்தைச் சேர்க்கவும் இல்லை. வெளி, தெளிவு, வெள்ளி, தெள்ளு என்று சரியான சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். நேற்று உம்மா 'கெளிறு' மீனை ஞாபகப்படுத்தினார்.