ஆவடி லோக்கலும் கொழும்பு ஸ்டேஷனும்

சென்ட்ரல்ல ஆவடி லோக்கல் ஏறுங்க பாஸ். வில்லிவாக்கம் தாண்டினா கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர்னு ஒவ்வொண்ணா வரும். பெட்டியில பாதிப் பேர் காதுல ஹெட்செட். உங்களுக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது. ஆனா இந்த ரூட்ல 60-கள்லயும் 70-கள்லயும் ஷிஃப்டுக்குப் போன யாரையாவது பிடிச்சு, "காலையில எந்த ஸ்டேஷன் கேப்பீங்க?"னு கேட்டுப் பாருங்க. யோசிக்காம பதில் வரும்: "சிலோன்!"

இத்தனைக்கும் ஆகாசவாணியோட டிரான்ஸ்மிட்டர் நம்ம ஆவடியிலயே உண்டு. வீட்டு வாசல்ல கோயிலை வச்சுக்கிட்டு எதுக்குக் கடல் தாண்டிப் போனாங்க?

காரணம் ஒரு மத்திய மந்திரி. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டுன்னாலே ஆகாது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு நாடு திருந்தணும்னு நினைச்சார். ரேடியோவுல சினிமாப் பாட்டு அரிதாகிப் போச்சு. ஜனங்க திருந்தலை, ஸ்டேஷனை மாத்திட்டாங்க!

மாத்தினவங்களுக்காக இலங்கை வானொலி ரெடியா இருந்தது. இரண்டாம் உலகப் போர்ல நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலயில் நிறுவின சக்தி வாய்ந்த ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டர், போர் முடிஞ்சதும் இலங்கை கைக்கு வந்தது. ஏக்கல எங்கே இருக்கு? கொழும்பிலிருந்து நீர்கொழும்பு போற பக்கம். நம்ம பட்டாபிராம் மாதிரி ஒரு புறநகர்னு வச்சுக்குங்களேன். 1950 செப்டம்பர் 30-ல் வர்த்தக சேவை ஆரம்பம். அதை நடத்த ஆஸ்திரேலியாவிலிருந்து கிளிஃபோர்ட் டாட் வந்தார். விளம்பரம் பெரும்பாலும் இந்தியக் கம்பெனிகளோடது. அமீன் சயானியோட 'பினாகா கீத்மாலா'வை பம்பாயில பதிவு பண்ணி, டேப்பைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்கே ஒலிபரப்பினாங்கன்னா பார்த்துக்குங்க.

தமிழ்ல? காலையில 'பொங்கும் பூம்புனல்'. அறிவிப்பாளர்கள்னா மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத்னு ஒரு பட்டாளம். உங்க அம்மா சன் டி.வி.யில பார்த்த 'பாட்டுக்குப் பாட்டு' இருக்கே, அது அப்துல் ஹமீத் கொழும்புல நடத்தின சரக்குதான்.

எங்க பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர். போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புதுப்பிச்சவர் (ஆமாம், ரேடியோ கேக்க லைசென்ஸ்! சிரிக்காதீங்க). வீட்டுக் கூரைக்கும் மூங்கில் கம்புக்கும் நடுவுல வலை மாதிரி ஒரு ஏரியல் கட்டியிருப்பார். ஷார்ட்வேவ் வானத்துல அயனி மண்டலத்துல பட்டுத் திரும்புற சமாசாரம். அதனால பாட்டு நல்லா வந்துட்டே இருக்கும், திடீர்னு கிணத்துக்குள்ள போயிடும். "அந்தச் சரணத்தை ஒருநாளாவது முழுசா கேக்கணும்டா"ன்னு இப்பவும் புலம்புவார். எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டார்.

அக்கா பிறந்தநாளுக்கு ஒரு தடவை கொழும்புக்கு வாழ்த்து எழுதிப் போட்டாராம். தெருவே வந்து உக்காந்திருக்கு. பேர் வந்தது, ஊர் வரலை. சரியா அந்த நேரத்துல சிக்னல் கிணத்துக்குள்ள போயிடுச்சு. "அது வேற ஏதோ பொண்ணு"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சாதிக்கிறார்.

டெல்லி சும்மா இருக்கலை. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கினாங்க. 1967-ல் அதுல விளம்பரமும் வந்தது, முதல்ல பம்பாய், புனே, நாக்பூர்ல. மெல்ல மெல்ல கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிச்சு. ஆனா தமிழ் வீடுகள்ல சிலோனை விடலை. பாட்டை மட்டும் சொல்லலை, அந்தப் பேச்சு! அவசரமில்லாத, சுத்தமான, நம்ம காதுக்குக் கொஞ்சம் புதுசான தமிழ்.

அப்புறம் 1983 ஜூலை. கொழும்புல தமிழர்கள் வீடும் கடையும் எரிஞ்ச செய்தி இங்கே பேப்பர்ல வந்தது. தினமும் காலையில வீட்டுக்குள்ள வந்து பேசினவங்க பத்திரமா இருக்காங்களான்னு பெரியப்பா போல எத்தனை பேர் முள்ளைத் திருகித் திருகிப் பார்த்திருப்பாங்க! தெரிஞ்சவங்க வீட்டுச் சாவு மாதிரி இருந்துச்சுன்னார். பின்னாடி புழல், கும்மிடிப்பூண்டி முகாம்கள்லயும், போரூர், வளசரவாக்கம் தெருக்கள்லயும் அதே தமிழை அவர் நேர்லயே கேட்டார். முதல் தடவை காய்கறிக் கடையில ஒரு அம்மா விலை கேட்டப்போ, ரேடியோ ஞாபகத்துல திரும்பிப் பார்த்துட்டாராம். அந்த அம்மா பயந்துட்டாங்களாம்.

2003-ல் சென்னைக்குத் தனியார் எஃப்.எம். வந்தது. ஷேர் ஆட்டோ முழுக்க சூரியனும் மிர்ச்சியும்தான். சிக்னல் கிணத்துக்குள்ள போற கதையே கிடையாது.

ஆவடியில இறங்கிட்டீங்களா? எங்க பெரியப்பா வீடு ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷ நடை. ஷோகேஸ்ல அந்தப் பழைய வால்வு ரேடியோ இருக்கு. ஓடாது. டயல் கண்ணாடிக்குப் பின்னால முள்ளு 41 மீட்டர்கிட்ட நிக்குது. துடைக்கலாம், ஆனா குமிழைத் திருகினா திட்டு விழும். சொல்லிட்டேன்.