டிசம்பர் மூட்டை

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கம் கூடியது. கீத பவனியை எந்தத் தெருவில் தொடங்குவது என்பதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் முகாமுக்குத் துணி அனுப்பும் பேச்சு. வருடா வருடம் நடப்பதுதான்: பழைய சேலை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டை, கூடவே கேக். கடையநல்லூர் பக்கம் போகநல்லூரிலும், வாசுதேவநல்லூர் பக்கம் தாருகாபுரத்திலும் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. புது வீடுகள், கூடுதல் பணக்கொடை, படிப்புச் செலவு என்று 317 கோடி ரூபாய்க்குத் திட்டமும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனாலும் நம் பழஞ்சேலைக்கு அங்கே யாரும் காத்திருக்கவில்லை. சொல்லிப் பார்த்தேன்.

"குடுக்கதக் கெடுக்காதீக டீச்சர்" என்றார் பொருளாளர்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாற்பது வருடம் தங்கிவிட்ட விருந்தாளியை என்ன செய்வது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

டிசம்பர் 4, புதன்

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டுமானால் கையில் சரக்கு வேண்டும். அதனால், இலங்கையில் போரின்போது சபை அடைக்கலம் கொடுத்த கதைகளைக் குறித்து வைக்கிறேன்.

மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் மடு மாதா கோயில். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 வாக்கில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளிந்த இடம் அது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது அதே கோயில் வளாகம் ஆயிரக்கணக்கானோருக்கு வீடாயிற்று. ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கேயும் பேசாலையிலும் நிவாரண மையங்களைத் திறந்தது. நீறு பூசிய நெற்றியா, சிலுவை தொங்கும் கழுத்தா என்று யாரும் பார்க்கவில்லை. 1999 நவம்பர் 20 அன்று அந்த வளாகத்திலேயே எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியதும் குருமார்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவும் இடம்பெயர்ந்தாள்.

நவாலியில் புனித பேதுரு ஆலயம்: 1995 ஜூலை 9 அன்று விமானக் குண்டுவீச்சில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டுவீச்சுக்குத் தப்பி ஆலயத்தை நம்பி வந்தவர்கள் அவர்கள். அல்லைப்பிட்டி ஆலயம் 2006 ஆகஸ்ட் 13இல் தாக்கப்பட்டபோது ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சிய மக்களை ஊர்காவற்றுறைக்கு நடத்திக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் அவரே காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

சபை அடைக்கலம் கொடுத்தது என்று எழுதும்போது ஏதோ பத்திரமான கரையில் நின்று கைகொடுத்தது போலத் தோன்றுகிறது. அங்கே அப்படி ஒரு கரை கிடையாது. சோறு போட்டவரும் வாங்கித் தின்றவரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தார்கள். துணிமூட்டை கட்டுகிற நாம் இருப்பது வேறு இடம். நம்மால் அந்தத் தியாகம் ஆகாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் பத்திரமான இடத்தில் இருப்பவர்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

டிசம்பர் 7, சனி

அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கி முகாமுக்குப் போய்வந்தேன். ஆண்கள் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதில் டிப்ளமோ படித்தவர்களும் உண்டு. படிப்புக்குத் தக்க வேலை கேட்டுப் போனால் முதலில் கேட்பது இந்தியன் என்பதற்கான காகிதம்.

ஒரு அம்மாளிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1990இல் மடு, பிறகு படகு, ராமேஸ்வரம், மண்டபம். "மடுவில தறப்பாளுக்குக் கீழதான் டீச்சரம்மா என் மூத்தவன் பொறந்தான். கன்னியாஸ்திரி ஒருத்தவங்கதான் தொப்புள்கொடி அறுத்தது" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்க தாத்தா ஒங்க ஊர்ப் பக்கம்தான். சங்கரன்கோயில்ல எறங்கி நடந்து போகணும்னு அப்பா சொல்லும். வேதக்காரங்கதான் நாங்க அப்பவே" என்றார்.

இந்தக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்வது? தாத்தாவை மண்டபத்தில் தனிமைப்படுத்தி ஊசி போட்டுக் கப்பலேற்றினார்கள். 1948இல் இலங்கை, தோட்டத் தமிழர் லட்சக்கணக்கானோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து இவர்களைப் பங்கு பிரித்தார்கள். பேத்தி அதே மண்டபத்தில் வந்து இறங்கியபோது அந்நியர் என்று பதிந்தார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கும் இல்லை, இந்துவுக்கும் இல்லை. கிறிஸ்தவ மன்றங்கள் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியபோது இந்த ஓரத்தை எத்தனை பேர் தொட்டார்கள்?

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து விடாத மழை. குற்றாலத்தில் வெள்ளம். இங்கே உளுந்து போட்டவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

மிசோரம் பற்றிப் படித்தேன். 2021இல் மியான்மர் ராணுவ ஆட்சிக்குப் பயந்து சின் இனத்தார் எல்லை தாண்டினார்கள். உள்ளே விடாதே என்று டெல்லி அந்த மார்ச்சிலேயே சொன்னது. அங்குள்ள சபைகளும் இளைஞர் சங்கமும் ஊர்க்காரர்களும் கேட்கவில்லை, முதலமைச்சர் ஜோரம்தங்காவும் எங்கள் ரத்தம் என்று பிரதமருக்குக் கடிதமே எழுதினார். இன சொந்தம் இருந்ததால் எளிதாயிற்று என்று ஒருவர் சொல்லலாம். நமக்கும் அவர்களுக்கும் இருப்பது என்னவாம்?

டிசம்பர் 15, ஞாயிறு

கூட்டத்தில் முதலூரை எடுத்தேன். சாத்தான்குளம் பக்கத்து முதலூர். நம் நெல்லைக் கிறிஸ்தவர்களில் பலருக்கு அங்கே ஒரு வேர் இருக்கும். வேதத்தில் சேர்ந்ததற்காக விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு 1799இல் நிலம் வாங்கி, டேவிட் சுந்தரானந்தம் குடியேற்றிய ஊர். "அவுகளுக்கு நம்ம ஆளுக சேலையா குடுத்தாக? மனை குடுத்தாக" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

"மனைக்கு நாம எங்கம்மா போவோம்?" என்றார் சபைப் போதகர் ஐயர், நியாயமாக.

மனை வேண்டாம், ஏடு போதும் என்றேன். இந்திய வம்சாவளியினர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அப்படி 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் வழக்காடி பாஸ்போர்ட் வாங்கி, இந்த ஏப்ரலில் ஓட்டே போட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். தாத்தா இந்த மண்ணில் பிறந்தார் என்பதற்கு அரசாங்கத்தில் காகிதம் இல்லாமல் இருக்கலாம். வேதக்காரத் தாத்தாவுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்குமே! இந்துக் குடும்பங்களுக்கு இது உதவாது, அவர்களுக்குப் பழைய பத்திரமும் பள்ளிச் சேர்க்கை ஏடும் தேட வேண்டும். அதற்கும் நம் பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தாசில்தார் ஆபீசுக்கு அலைய ஓய்வுபெற்ற நாங்கள் இருக்கிறோம்.

துணிமூட்டை போகும் என்று முடிவாயிற்று. கேக்கும் போகும். பொருளாளரிடம் அதற்கு மேல் வாதாட முடியவில்லை. ஆனால் வக்கீல் செலவுக்கென்று காணிக்கையில் ஒரு தொகை ஒதுக்க அவரே முன்மொழிந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 28, சனி

ஐயர் இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்டார். ஓரம் செல்லரித்த ஏடுகள், சாய்ந்த கையெழுத்து. ஒரே பெயரில் நாலு பேர், தகப்பன் பெயர் சில இடங்களில் விடுபட்டிருக்கிறது. அந்த அம்மாளின் தாத்தா பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றில் ஊர் பொருந்துகிறது, வயது பொருந்தவில்லை. நகலெடுத்துக்கொண்டேன். அந்த அம்மாளிடம் அவருடைய அப்பாவின் பிறப்புச் சான்றை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே இல்லாத ஏடுகள் பக்கத்துச் சேகரத்தில் இருக்கலாமாம். செவ்வாய்க்கிழமை சாவிக்காரர் ஊரில் இருப்பார், காலையிலேயே வரச் சொன்னார்கள்.